தட்டைத் தட்டினோமே, இன்னும் என்ன வேண்டும்?

நர்ஸுகளுக்கு மனச்சோர்வாம். டாக்டர்களுக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். நன்றிகெட்ட ஜனங்கள்! 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு இவர்களுக்காக நாடே மாடியேறித் தட்டைத் தட்டியது. எத்தனை வீட்டில் எவர்சில்வர் தட்டு நசுங்கியது, யாராவது இழப்பீடு கேட்டோமா? ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றினோம். மே 3 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டுப் பூ தூவினோம். உயிரோடு இருக்கும்போதே தலையில் பூ விழும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

செத்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. பூ தூவியதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை இதே சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாக விரட்டியது. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, உடன் போனவர்கள் மண்டை உடைந்தது. சக மருத்துவர் பிரதீப் குமார் நள்ளிரவில் வேலங்காடு இடுகாட்டுக்குப் போய், தானே மண்ணைத் தள்ளிப் புதைத்துவிட்டு வந்தார். மறுநாள் அவரும் டியூட்டிக்குத் தெம்பாகப் போக வேண்டும் என்பதுதான் நம் எதிர்பார்ப்பு. தட்டைத் தட்டிய கைகள்தானே கல்லையும் எடுத்திருக்கும்? வேறு ஊரிலிருந்தா கை வந்தது?

வார்டுக்குள் என்ன நடந்தது என்று பூ தூவியவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. மே மாத வெயிலில் கவச உடை. போட்டால் ஷிப்ட் முடியும்வரை கழற்ற முடியாது. தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. அதனால் டயப்பர் கட்டிக்கொண்டு நின்ற நர்ஸுகள் உண்டு. மாதவிலக்கு நாட்களைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து எதிரே இருப்பது யாரென்று தெரியாது. மார்பில் மார்க்கர் பேனாவால் எழுதிய பெயரை வைத்துத்தான் அடையாளம். அந்தக் கோலத்தில் ஒரு கையில் நோயாளியின் செல்போனைப் பிடித்து, "அம்மா பேசுறாங்க, கண்ணைத் திறங்க சார்" என்று சொல்ல வேண்டும். அவர் திறக்க மாட்டார். வீடியோவில் அழுகிறவர்களுக்கு எந்த முகத்தைக் காட்டுவது? முகம்தான் வெளியே தெரியாதே, அந்த ஒரு சௌகரியம்.

இத்தனைக்கும் மேலிடம் சும்மா இருக்கவில்லை. கொரோனா டியூட்டி பார்த்தவர்களுக்கு 14 நாள் தனிமை தந்துகொண்டிருந்தார்கள். தொற்று அபாயம் அதிகமாக இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையில்லை என்று மே 15 அன்று மத்திய சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. குழந்தையைத் தொடலாமா கூடாதா என்று வாசலில் நிற்பது அவரவர் வீட்டு விவகாரம்.

எத்தனை சுகாதாரப் பணியாளர்கள் செத்தார்கள் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். சுகாதாரம் மாநிலப் பொருள், எங்களிடம் கணக்கில்லை என்றது மத்திய அரசு. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்துப்போய் 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது. தூவிய பூவுக்காவது ஏதாவது ஒரு அலுவலகத்தில் பில் இருந்திருக்கும். மாநிலம் மட்டும் சளைத்ததா? இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் என்று ஏப்ரலில் அறிவித்த தமிழக அரசு, சில மாதத்தில் அதை 25 லட்சமாக்கியது. உயிருக்கும் ஆடித் தள்ளுபடி!

கடைசியில் மனநலத்துக்கு வந்தார்கள். வெபினார் வைத்தார்கள், ஹெல்ப்லைன் எண் கொடுத்தார்கள். யோகா செய்யுங்கள், பாட்டுக் கேளுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து மெதுவாக விடுங்கள். 2021 மே மாதம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நிற்க, படுக்கை கிடைக்காமல் உள்ளேயே ஆட்கள் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்த பெண்ணிடம் மூச்சுப் பயிற்சி சொல்ல எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்! கவுன்சிலிங்கை நான் குறை சொல்லவில்லை. அது தேவை, உயிரைக் காக்கும். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அதுவும் உருப்படியாகக் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. ஆனால் சம்பளத்தை ஒழுங்காகத் தராமல், ஆள் போடாமல், லீவு கொடுக்காமல் வறுத்தெடுத்துவிட்டு, "உனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வது வைத்தியமா? அடித்தவனே களிம்பு விற்கிற கதை.

மாநிலத்தில் ஆட்சி மாறியது. 2021-இல் டாக்டர்களுக்கு 30,000, நர்ஸுகளுக்கு 20,000 ஊக்கத்தொகை என்றார்கள். நல்லது. ஆனால் 2020-இல் மாதம் 14,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு அவசர அவசரமாக வரவழைத்த நர்ஸுகளில் ஏறத்தாழ 2,400 பேரை 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் உயிரைக் காத்த பெண்கள் புத்தாண்டில் வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். அன்று எந்த மாடியிலும் தட்டுச் சத்தம் இல்லை.

அடுத்த கொள்ளைநோய் வரும்போது தயவுசெய்து யாரும் தட்டை எடுக்காதீர்கள். நிரந்தர வேலை, முதல் தேதியில் சம்பளம், வாரம் ஒருநாள் ஓய்வு. இதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். யோகா வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.