மூச்சு வாங்காத வேலை எது?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங். மாரத்தான் ஓட ஆசை. வீட்டிலோ, "உனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை? பேசாமல் பேங்க் எக்ஸாம் எழுது" என்கிறார்கள். என்ன செய்வது?
— கல்லூரி மாணவி, தேனி

பதில்: பேங்க் வேலையில் மூச்சு வாங்காதாமா? மார்ச் 31 அன்று ஏதாவது ஒரு கிளைக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்!

பிரிட்டனின் பாலா ராட்கிளிஃபுக்குப் பதின்வயதிலேயே ஆஸ்துமா. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி முடித்தார். பெண்கள் பிரிவில் அந்த உலக சாதனை 2019 வரை அசையவில்லை. சே குவேராவை ஆஸ்துமாவைக் காட்டி அர்ஜென்டினா ராணுவம் வேண்டாமென்றது. மனிதர் புரட்சி செய்யக் கியூபாவின் மலைக்காட்டில் ஏறிவிட்டார். (உங்களை அங்கே அனுப்பவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.)

"இன்ஹேலர் பழகினால் விடாது" என்று பெரியம்மாக்கள் மிரட்டுவார்கள். மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போகிற மருந்து அது. தடுப்பு இன்ஹேலரை மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் விடக்கூடாது. பலர் கோட்டை விடுவது அங்கேதான். உடனடி நிவாரணத்துக்கானது ஓடும்போதும் கூடவே இருக்கட்டும். ராணுவம், விமானம் ஓட்டுவது, ஆழ்கடல் டைவிங் என்றால் மருத்துவத் தகுதியில் கறார் அதிகம். அந்த ஆசைகளுக்கு முதலில் விதிகளைப் படியுங்கள். மாரத்தானுக்கு, டாக்டரைக் கேட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம். விடிகாலை நாலரைக்கு எழுப்பிவிடும் மருந்துதான் இன்னும் வரவில்லை.