வசியக்கார மருமவனுக்கு

ஏலே மருமவனே, சனி ஞாயிறு வகுப்புக்குப் போயி ஹிப்னாடிசம் சர்டிபிகேட் வாங்கிட்டியாமே! கோயில் கொடைக்கு மேடை ஷோ, பஸ் ஸ்டாண்டு மாடியில கிளினிக், ரெண்டுக்கும் ஒரே போர்டாம். ரெண்டும் ஒரே வித்தைதானே மாமான்னு சொல்லுத. அப்படியாலே?

மேடையில நீ என்ன செய்வ? விரலோட விரல் கோத்து இறுக்குங்க, இனிமே பிரிக்க முடியாதும்ப. என்னை மாதிரி ஆளு சட்டுனு பிரிச்சுப் பீடி பத்த வச்சிருவான். நாலஞ்சு பேரு மட்டும் பிரிக்க முடியாம முழிப்பான். அவனைத்தான் மேல கூப்பிடுவ. அதுலயும் சிரிக்கிறவனை, ஓரக்கண்ணால பொண்டாட்டியைத் தேடுறவனை, முதுகுல தட்டிக் கீழ அனுப்பிருவ. மிச்சம் நிக்கிறவன் சொன்னதைச் செய்யணும்னே வந்தவன். ஊரு பாக்குது, கைதட்டு வேற. வெங்காயத்தை ஆப்பிள்னு கொடு, ருசிச்சுத் திம்பான். உன் கண்ணுல கரண்டு பாயுதுன்னு நெனச்சிராத. ஆளைக் கழிக்கிறதுலதான் உன் பாதி வித்தை இருக்கு.

கிளினிக்குல யாரைலே கழிப்ப? விரல் பிரியுறவனும் வருவான், பிரியாதவனும் வருவான். ஸ்டான்ஃபோர்டுல 1959-ல ரெண்டு பேரு இதுக்குன்னே அளவுகோல் போட்டு வச்சிருக்கான். சிலருக்குச் சுளுவா ஏறும், சிலருக்கு ஏறவே ஏறாது, முக்காவாசிப் பேரு நடுவுல. ஃபீஸ் கட்டினவன் எந்த வகைன்னு நெத்தியில எழுதியா இருக்கும்?

நம்ம கோவாக்காரரு ஒருத்தரு, அபே ஃபாரியான்னு பாதிரியாரு, 1813-லயே பாரிசுல வகுப்பு நடத்தி, சக்தி என் கையில இல்ல, உக்காந்திருக்கவன் மனசுலதான்னு சொன்னாரு. கேட்டானுவளா? ஒரு நடிகன் மயங்கின மாதிரி நடிச்சு அவரு மானத்தை வாங்கிட்டான். பணஜியில அவருக்குச் சிலை இருக்கு. எப்படின்னு நெனைக்க? சாஞ்சு விழுற பொம்பளை மேல ரெண்டு கையையும் விரிச்சு நிக்காரு. கையில ஒண்ணுமில்லன்னு சொன்ன மனுசனை மந்திரவாதியாக்கிப்புட்டானுவ.

மேடையை நான் பழிக்கலப்பா. 1841-ல மான்செஸ்டர்ல ஒரு ஷோவைச் சந்தேகத்தோட பாக்கப் போன பிரெய்டுன்னு ஒரு டாக்டருதான் ஹிப்னாடிசங்கிற பேரையே நிலைநாட்டினாரு. அதே ஊருல ரொம்பப் பின்னாடி வோர்வெல்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் எந்த மருந்துக்கும் அடங்காத குடல் கோளாறுக்காரங்க 30 பேரை எடுத்தாங்க. பாதிப் பேருக்கு ஹிப்னாடிசம், பாதிப் பேருக்குப் பேச்சும் வெறும் மாத்திரையும். மூணு மாசம் பாத்து, ஹிப்னாடிசக்காரங்களுக்குத்தான் கூடுதல் சொகம்னு 1984-ல எழுதினாங்க. மூணு மாசம்லே! கைதட்டும் கெடையாது, ஆப்பிளும் கெடையாது.

இன்னொண்ணு கேளு. மேடையில சொடக்குப் போட்டா முடிஞ்சுது. கிளினிக்குல கண்ணை மூடின பொம்பளை திடீர்னு விம்மி அழுதான்னா? அங்கயும் சொடக்குப் போடுவியோ? அவ பழசைக் கிளறுறேன்னு நீயா எடுத்துக் கொடுத்துக் கேட்டா, நடக்காதது கூட நடந்த மாதிரியே அவளுக்கு ஞாபகம் வந்துரும். அப்புறம் அவ குடும்பத்துல வெட்டுக்குத்து நடந்தா நீயா போயி நிப்ப?

அதனால போர்டுல ஒண்ணை அழி. ஷோ நடத்து, முன் வரிசையில உக்காந்து கைதட்டுதேன். வைத்தியம் செய்யணும்னா முதல்ல மனநல டாக்டருக்கோ சைக்காலஜிக்கோ ஒழுங்காப் படி. அதுவரைக்கும் என் மூட்டு வலி மேல கண்ணு வைக்காத, எலும்பு டாக்டருகிட்ட டோக்கன் போட்டாச்சு.