கோட்டு வாங்கி மாட்டியவர்

கேள்வி: தொலைக்காட்சியில் பங்குச் சந்தைச் செய்தி சொல்பவராக வர, முதலில் கையில் நாலு பங்காவது இருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், எஹலியகொட

பதில்: பங்கு எதற்கு? கோட்டு வாங்கி மாட்டிய அனுபவம் போதும். புரூக்ளினில் அப்பாவின் உணவகத்துக்கு வந்தவர்களின் கோட்டுகளைக் காத்த பெண்தான், பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பங்குச் சந்தைச் செய்தி சொன்ன மரியா பார்ட்டிரோமோ.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் இதழியலும் பொருளியலும் படித்தார். சி.என்.என்.னில் ஐந்து வருடம் திரைக்குப் பின்னால் உழைத்துவிட்டு, 1993இல் சி.என்.பி.சி.க்கு வந்தார். 1995இல் நியூயோர்க் பங்குச் சந்தையின் தளத்திலேயே நின்று தினமும் நேரலையில் செய்தி சொன்ன முதல் ஆள் ஆனார். அன்றைய தளம் தீபாவளிக்கு முதல்நாள் எஹலியகொட டவுன் மாதிரி: தரகர்கள் கத்துவார்கள், இடிப்பார்கள், சீட்டோடு ஓடுவார்கள். நடுவில் நின்று விலை பிசகாமல் சொல்ல வேண்டும்.

இங்கே பழகலாமென்றால், 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020இல் கணினிக்குள் போய்விட்டது. இடிபடும் யோகம் இல்லை.

2014இல் பார்ட்டிரோமோ ஃபொக்ஸ் பிஸ்னஸுக்கு மாறினார்.

விலை சொன்னவருக்கு ஒரு பாட்டும் கிடைத்தது. அவர் பெயரையே தலைப்பாக வைத்து ஜோயி ரமோன் பாடியது, பாடகர் இறந்த மறுவருடம், 2002இல் வெளிவந்தது. ரமோன் பங்க் ரொக் பாடகர். பங்குச் சந்தையிலும் அவருக்கு ஒரு கண்.