மோட்டாருக்கு முப்பதாயிரம், வயருக்கு முப்பது

அந்தக் கட்டிங் பிளேயரைச் சித்த கீழ வெய்யி கண்ணு. வெட்ட வேண்டாம்னு நான் சொல்லலை. வெட்டோணும்னா வெட்டு. தீவாளி நோம்பிக்கு இன்னும் எத்தனை நாள் கெடக்குதுன்னு மட்டும் காலண்டரைப் பாத்துட்டு வெட்டு. பேட்டரியோட செவப்பு வயரையும் கருப்பு வயரையும் ஒட்டுக்கா ஒரே கடியில கடிக்கப் போனியே, அந்தப் பிளேயரோட வாயி இரும்புன்னு உங்க காலேஜ்ல சொல்லிக் குடுக்கலையா? ரெண்டு வயரையும் அந்த இரும்பே சேத்து வெச்சுரும். அப்பறம் பிளேயர்ல வாயி இருக்காது, உன்ற கையில ரோமம் இருக்காது. முட்டற கெடா ரெண்டை ஒரே முளைக்குச்சியில கட்டுவாங்களா? மொதல்ல செவப்பை வெட்டு. அதைப் பத்த வெச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி மூடு. அது முடிஞ்சாத்தான் கருப்பைத் தொடோணும்.

வந்ததும் வராததுமாத் திண்ணையில பொட்டியைப் பிரிச்சே. நெசக் காரை எட்டுல ஒரு பங்காச் சுருக்குன ரிமோட்டுக் காராம். மோட்டாரு என்ன வெலைன்னு கேட்டேன். அடுப்படியில அம்முச்சி இருக்கறான்னு காதுக்குள்ள வந்து சொன்னே. முப்பதாயிரம். நல்ல வளர்ப்பு. சரி, வயருக்கு என்ன பண்ணறேன்னு கேட்டா, மச்சுல ஏறி, பத்து வருசத்துக்கு முன்னால ஊட்டுக்கு லைட்டுப் போட்ட மிச்சத்தை இழுத்துட்டு வந்து நிக்கறே. குருதைக்குக் கொள்ளு ஊற வெச்சு, லாடம் அடிச்சு, ஜோடனையும் பண்ணீட்டு, கடிவாளத்துக்கு வாழைநாரு தேடறவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

"சின்னக் காருதானுங்களே அப்புச்சி, இந்த வயரு தாங்காதுங்களா?"ன்னு கேக்கறே. கேக்கோணும். நம்ம கெணத்துல கெடக்குதே 5 எச்.பி. மோட்டாரு, அது எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு தெரியுமா? மூணு பேசு, 415 வோல்ட்டு. ஏழெட்டு ஆம்பியர், அவ்வளவுதான். உன்ற காருல மூணு மூணு செல்லு வெச்ச லித்தியம் பேட்டரி ரெண்டு. ரெண்டையும் வரிசையாக் கோத்தா 22.2 வோல்ட்டு, முழுசா ஏத்துனா 25.2. அதே அஞ்சு குருதையை 22 வோல்ட்டுல ஓட்டோணும்னா 150 ஆம்பியருக்கு மேல வேணும். மலை மேல இருந்து வுழுகற தண்ணி சின்னக் குழாயில வந்தாலே சக்கரத்தைச் சுத்தீரும். சமதரையில அதே சக்கரம் சுத்தோணும்னா ஒரு வாய்க்காலே வேணும். உன்றது சமதரைத் தண்ணி சாமி. கெணத்து மோட்டாருக்குப் போறதை விடத் தடியான வயரு, கக்கத்துல இடுக்கற காருக்கு வேணும்.

நீ கொண்டாந்த லைட்டு வயரு 1.5 சதுர மில்லி. பேட்டரியில இருந்து போறதும் வாறதும் சேத்து அரை மீட்டர்னு வெய்யி. 100 ஆம்பியர் ஓடறப்ப அந்த அரை மீட்டரே 60 வாட்டைத் தின்னு சூடாக்கும். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒண்ணு, அதும் வெளிச்சம் தராத பல்பு. ஆம்பியர் ரெண்டு மடங்காச்சுன்னா சூடு நாலு மடங்கு. 200 ஆம்பியருக்கு நாலு குண்டு பல்பு. மூடி போட்ட காருக்குள்ள நாலு பல்பு எரிஞ்சா அதுக்குப் பேரு காரு இல்லை, கோழிக் குஞ்சு பொரிக்கற பொட்டி. முட்டை இருந்தா எடுத்துட்டு வா, வெக்கலாம்.

வயரு வாங்கப் போறப்ப இன்னொரு வேடிக்கை இருக்குது. நம்பரு கொறையக் கொறைய வயரு தடிக்கும். நாங்க காயில் கட்டற கம்பியிலயும் அதே கதைதான். ஆனா எங்க நம்பரு இங்கிலீஷ்காரன் கணக்கு, உன்றது அமெரிக்காக்காரன் கணக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே. உன்ற கணக்குல 12ங்கறது 3.3 சதுர மில்லி, 10ங்கறது 5.3, 8ங்கறது 8.4. சென்னை ரிச்சி தெருவுல போயி "பெரிய நம்பராக் குடுங்க"ன்னு கேட்டுராதே. சிரிச்சுக்கிட்டே நூலாட்டம் ஒண்ணைச் சுத்திக் குடுப்பாங்க. உன்ற காருக்கு 10 போதும். நாளைக்கே எட்டு செல்லுக்குப் போவே, உன்ற மூஞ்சியிலயே எழுதியிருக்குது, அதனால 8 வாங்கிக்க. சிலிக்கான் தோலு போட்டதாப் பாத்து வாங்கு. ஊட்டு வயருக்குப் போட்டிருக்கற பிவிசி 70 டிகிரி வரைக்குந்தான், சிலிக்கான் 200 தாங்கும். உள்ளுக்குள்ள தலைமுடியாட்டம் நூத்துக்கணக்குல இழை கெடக்கும், கைக்கு நாக்குட்டியாட்டம் வளையும். ஊட்டு வயரு முறுக்கிக்கிட்டு நிக்கும், காரு ரெண்டு குதி குதிச்சா ஈயத்தையே பேத்துரும்.

இதெல்லாம் அப்புச்சிக்கு எப்படித் தெரியும்னு நெனைக்கறயா? 1987ல நம்ம தோட்டத்துல போர் போட்டோம். காயில் கட்டறதுல கெட்டிக்காரன்னு நாலு ஊருல எனக்குப் பேரு. அந்தக் கெட்டிக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? மோட்டாரை ஒசத்தியா வாங்கீட்டு, கேபிள்ல மிச்சம் புடிச்சான். கம்பத்துல இருந்து போர் வரைக்கும் தொலைவு எச்சு, கேபிளோ ஒல்லி. வழியிலயே வோல்ட்டு செத்துப் போயி, மோட்டாருகிட்டப் போறப்ப நோவுல படுத்தவனாட்டம் போய்ச் சேரும். வோல்ட்டு கொறஞ்சா மோட்டாரு அதே தண்ணியை இறைக்க ஆம்பியரை எச்சா இழுக்கும். மூணு கோடையில ரெண்டு தடவை எரிஞ்சுது. என்ற கடையில என்ற மோட்டாருக்கே நான் காயில் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன், கூலி குடுக்க ஆளு இல்லை. போறவன் வாறவனெல்லாம் எட்டிப் பாத்து "யாரோடதுங்?"னு கேட்டான். ஒறம்பரைக்காரரோடதுன்னு சொன்னேன். அப்பறந்தான் தடி கேபிளா வாங்கிப் போட்டேன். அதோட வெலையை அம்முச்சிகிட்ட இன்னைக்கு வரைக்கும் பாதியாத்தான் சொல்லி வெச்சிருக்கறேன். நீ வாயைத் தொறந்துராதே.

இப்பப் பத்த வெக்கற சங்கதிக்கு வாரேன். இதுலதான் உன்ற மானம் போகப் போகுது. நீ வெச்சிருக்கறது 25 வாட்டு சால்டரிங் அயர்ன். ரேடியோவுக்குள்ள ஈக்கால் தண்டி கம்பியைப் பத்த வெக்க அது தங்கமான சாமான். 8 நம்பரு வயரு மேல அதை வெச்சா, தேரை இழுக்க ஆட்டுக்குட்டி பூட்டுன மாதிரி. ஈயக் கம்பி 183 டிகிரியிலயே எளக ஆரம்பிச்சிரும், அதுல கஷ்டம் ஒண்ணும் இல்லை. தடிச்ச செம்பு இருக்குதே, அது சூட்டை வந்த வேகத்துல இழுத்து அக்கட்டால கொண்டு போயிரும். நீயும் அரை மணி நேரம் அமுக்கிப் புடிப்பே. அதுக்குள்ள பிளக்கோட பிளாஸ்டிக் இளகி, பின்னு கோணிக்கிட்டு நிக்கும். 80, 100 வாட்டுல, நுனி பட்டையா இருக்கறதா எடு. சீக்கிரமாச் சூடேத்தி, சீக்கிரமா எடுத்துரோணும்.

அந்தக் காலத்துல பித்தளைப் போசிக்கு ஈயம் பூச வாறவரை நீ பாத்திருக்க மாட்டே. துருத்தி ஊதி, போசியைத்தான் காய வெப்பாரு. போசி காஞ்சதும் நவச்சாரத்தைத் தூவுவாரு, பொகை கெளம்பும், அழுக்கு ஓடும். அப்பறம் ஈயத்தைக் காட்டுனாப் போதும், அதுவே கண்ணாடியாட்டம் பரவும். நீ என்னடான்னா அயர்ன் நுனியில ஈயத்தை உருக்கி, எச்சில் துப்பற மாதிரி வயரு மேல சொட்ட வெக்கறே. அது கோழி எச்சமாட்டம் வெளுத்து உருண்டு நிக்கும். பாத்தா ஒட்டுன மாதிரித்தான் இருக்கும். மொத ஓட்டத்துல 150 ஆம்பியர் வந்து கேக்கறப்பத் தெரியும் ஒட்டுனதா ஒரசுனதான்னு. வயரைக் காய வெய்யி, ஃப்ளக்ஸைத் தடவு, ஈயம் இழைக்குள்ள தண்ணியாட்டம் எறங்கோணும். நவச்சாரத்தைத் தேடிப் பொறப்பட்டுராதே, அது போசிக்கு. கரண்டு வேலைக்கு அது செம்பை அரிச்சிரும். ரோசின் ஃப்ளக்ஸ்னு கேட்டு வாங்கு.

பிளக்கைப் பத்த வெக்கறப்ப அதோட ஜோடியை மாட்டி வெச்சுட்டுப் பத்த வெய்யி. பின்னு நகராம அது புடிச்சுக்கும். அந்த ஜோடியில பேட்டரி மாட்டி இருக்கக் கூடாது. சிரிக்காதே, உன்னை மாதிரி ஆளுக்கு இதையும் சொல்லித்தான் ஆகோணும். குழாயை வயருல கோத்துட்டுத்தான் பத்த வெக்கோணும்னு சொல்ல மாட்டேன். அதை மறந்துட்டு, எல்லாம் முடிஞ்சு, அழகாக் குளுந்து, பெருமையாப் பாக்கறப்பத்தான் குழாய் மேசை மேல ஒக்காந்து உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கும். அந்தப் பாக்கியம் எல்லாருக்கும் ஒரு தடவை கெடைக்கோணும்.

பேட்டரியை மாட்டுறப்ப 'சடார்'னு ஒரு பொறி பறந்துச்சுன்னு மூஞ்சி வெளுத்துப் போயி நின்னியே. பயப்படறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. மோட்டாரோட வேகத்தைக் கட்டுப்படுத்தற உன்ற ஈ.எஸ்.சி. பொட்டிக்குள்ள கெப்பாசிட்டர் கெடக்குது, காலியா. காஞ்ச வாய்க்கால்ல மொதத் தண்ணி வுட்டா மண்ணு எப்பிடி மொடக்கு மொடக்குன்னு குடிக்கும்? அதே மாதிரிதான் அதும் ஒரே மடக்குல குடிக்குது. ஆனா தெனமும் பொறி பறந்தா பிளக்கோட மொகம் அம்மைத் தழும்பாட்டம் ஆயிரும். எக்ஸ்டி 90ங்கற பிளக்குல பொறி வராத ரகம்னு ஒண்ணு இருக்குது, உள்ள ஒரு குட்டி ரெசிஸ்டர், தண்ணியைச் சொட்டுச் சொட்டா வுட்டு நனைச்சுட்டு அப்பறந்தான் மடையைத் தொறக்கும். அதை வாங்கு. பேட்டரிப் பக்கம் எப்பவும் உலோகம் வெளிய துருத்தாத பெண் முனை. துருத்துனா, காசு, சாவி, அம்முச்சியோட வளையல், எதாச்சும் ஒண்ணு வந்து ரெண்டையும் கட்டிக்கும்.

அழகா இருக்கட்டும்னு பேட்டரி வயரை நீட்டி வளைச்சு பின்னல் போட வேண்டாம், பொண்ணு பாக்கவா போகுது. அதுல கரண்டு ஓட்டம் ஒரே சீரா இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டித்தான் போகுது. நீளமான வயருல ஓடற கரண்டு சட்டுன்னு நிக்காது, ஓடி வந்த மாட்டை மூக்கணாங்கயிறு புடிச்சு இழுத்தா முட்டுமே, அது மாதிரி வோல்ட்டா எகிறி ஈ.எஸ்.சி.யை முட்டும். அந்த முட்டுத் தாங்கத்தான் கெப்பாசிட்டர். பேட்டரியையும் ஈ.எஸ்.சி.யையும் எவ்வளவு கிட்டக்க வெக்க முடியுமோ அவ்வளவு கிட்டக்க வெய்யி. நீட்டியே தீரோணும்னா மோட்டாருக்குப் போற மூணு வயரை நீட்டு. கெப்பாசிட்டர் எச்சா சேக்கறதுன்னா 35 வோல்ட்டு, ஆறு செல்லுக்குப் போதும். கூட்டல் கழித்தலை மாத்தி வெச்சுராதே, சோளப்பொரியாட்டம் பொரியும்.

அந்த மூணு வயரு இருக்குதே, அதைப் பாத்ததும் எனக்கு ஆனந்தம். எதை எங்க மாட்டறதுன்னு நேத்து ராத்திரி பூரா தலையைச் சொறிஞ்சே. சென்சார் வயரு இல்லாத மோட்டாருன்னா எப்பிடி வேணும்னாலும் மாட்டு. தலைகீழாச் சுத்துனா எதாச்சும் ரெண்டை மாத்திப் போடு, திரும்பிக்கும். நம்மூர்ல டிரான்ஸ்பார்மர் மாத்தின பொறகு ஒரு நாள் எல்லாத் தோட்டத்துலயும் மோட்டாரு ஓடுது, தண்ணி மட்டும் மூக்கொழுகுது. ஒருத்தன் கெணத்துல ஊத்து வத்திப் போச்சுன்னு அழுதான், இன்னொருத்தன் சாமிக்குக் கெடா வெட்டறதா வேண்டிக்கிட்டான். நான் போயி ஸ்டார்ட்டர்ல ரெண்டு பேசை மாத்திப் போட்டேன். கெடா பொழைச்சுது.

அந்தச் செல்லமெல்லாம் மூணு வயருக்குத்தான். பேட்டரியோட ரெண்டு வயருல மாத்திப் போட்டே, ஈ.எஸ்.சி. பொகையை வெளிய வுட்டுரும். வெளிய போன பொகையைத் திருப்பி உள்ள அடைக்கற ஆளு இன்னும் பொறக்கலை. ரெண்டு பேட்டரியைக் கோக்கறதுக்குக் கட்டறியே அந்த ஒய் வயரு, அதுல ஒண்ணோட கூட்டல் அடுத்ததோட கழித்தலுக்குப் போகோணும், மிச்ச ரெண்டுந்தான் வெளிய வரோணும். கட்டி முடிச்சதும் ஈ.எஸ்.சி.யை மாட்டாதே. மல்டிமீட்டர் வெச்சுப் பாரு. 25.2 காட்டோணும், முன்னால கழித்தல் குறி இருக்கக் கூடாது. அந்தச் சின்னக் கோட்டைப் பாத்தும் பாக்காம வுட்டவன் கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

ஒரு வோல்ட்டுக்கு 2000 சுத்துன்னு மோட்டாருல எழுதியிருக்குது. சும்மாச் சுத்துனாலே நிமிசத்துக்கு 50,000. கெணத்து மோட்டாரு 3,000 சுத்தைத் தொடாது. அமெரிக்காவுல யூட்டா மாகாணத்துல, 2014ல, நிக் கேஸ்ங்கறவர் ரிமோட்டுல ஓடற பேட்டரிக் காரு ஒண்ணை மணிக்கு 325 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டிக் காட்டுனாருன்னு நீதான் சொன்னே. ஓட்டட்டும். அவருக்கு ரோடு கெடந்துச்சு. நம்ம ரோட்டுல டீக்கடைக்கு முன்னால ஒரு வேகத்தடை, கோயிலுக்கு முன்னால ஒரு வேகத்தடை, நடுவுல தலைவரு ஊட்டு எருமை. எருமைக்கு பிரேக் கெடையாது. காத்தாலே ஆறு மணிக்கு நெல்லுக் களத்துல ஓட்டு.

ராத்திரி சார்ஜ் போடறதுன்னா பொடக்காளில போடு, பக்கத்துல மணல் வாளி இருக்கோணும். கட்டில் மேல வெச்சுட்டுத் தூங்குனே, உன்னை எழுப்பறது நானா இருக்க மாட்டேன். ஓட்டி முடிச்சு எடுத்து வெக்கறப்ப செல்லுக்கு 3.8 வோல்ட்டுல வெய்யி. பேட்டரி பணியாரமாட்டம் உப்பிக்கிட்டா அதுக்கு மேல பாசம் காட்டாதே.

அதா, அம்முச்சி காப்பி எடுத்துட்டு வாறா. மோட்டாரு என்ன வெலைன்னு கேப்பா. மூவாயிரம்னு சொல்லு. கண்ணைப் பாக்காம, கார் சக்கரத்தைப் பாத்துக்கிட்டே சொல்லு, நான் கேபிளுக்குச் சொன்ன மாதிரி. ஏன்டா சிரிக்கறே? என்னது? அம்முச்சி உன்கிட்டச் சொன்னாளா? கேபிள் கடைக்காரன் அவ சித்தப்பன் மவனா? அந்த வருசமே அவளுக்குத் தெரியுமா?

சரி சரி. பிளேயரை எடு. செவப்பை மொதல்ல வெட்டு.