பூக்கேட்டலில் மறுகேள்வியின் இடம்: ஜவ்வாதுமலைப் பலாமரம் ஒன்றை முன்வைத்து

போளூரிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் வரும் ஜமுனாமரத்தூர் வட்டாரம் சாமைக்கும் தேனுக்கும் பலாவுக்கும் பேர்போனது. இவ்வாய்வுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பலாவே காரணம். பங்காளிகள் இருவரின் நிலத்துக்கு நடுவே, வரப்பின் மேலேயே ஒரு பலாமரம் காய்த்துத் தொலைத்தால் அம்மனைத் தவிர வேறு நடுவர் கிடைப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்களும் பலாச்சுளை தின்பவர்களாயிற்றே.

ஆய்வுக் கருவிகள் எளியவை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. தனித்தனியே இலையில் மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையில், பக்தர் கனவில் வந்த பொருளை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கலாமா என்று முருகனைக் கேட்பதும் பூ வைத்துத்தான்.

நம் வழக்கில் அண்ணன்காரர் கேட்டார்: “மரம் எனக்குத்தானே தாயே? ஆமான்னா வெள்ளையைக் குடு.” சிவப்பு வந்தது. குழந்தை மூக்கு நோண்டிய கையால் எடுத்தது கண்டறியப்பட்டு, முதல் முடிவு தள்ளுபடி ஆனது. கை கழுவிவிட்டு எடுத்தபோதும் சிவப்பு. இம்முறை குறை குழந்தையிடம் இல்லை: “ஆத்தா மனசு கோணிப்போயிருக்கா. ஒரு சேவல் நேர்ந்துக்கிறேன்.” மூன்றாவதில் வெள்ளை. உடனே சூடம் கொளுத்தினார்கள். “அம்மா வாயால சொல்லிட்டா, இனி மேல்பேச்சு கிடையாது!” இன்னொரு தடவையும் கேட்டுப் பார்க்கலாமே என்ற இவ்வாய்வாளன் தெய்வக்குத்தம் செய்தவனாகப் பார்க்கப்பட்டான்.

கணக்கு என்ன சொல்கிறது? ஒரு தடவை கேட்டால் வெள்ளை வர இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்று தடவைக்குள் ஒருமுறையாவது வர எட்டில் ஏழு. ஐந்து தடவை கேட்கும் பொறுமையிருந்தால் நூற்றுக்கு 96-க்கும் மேல். ஆகவே அம்மன் சம்மதிப்பது பக்தரின் முழங்கால் வலுவைப் பொறுத்தது. இதே மலைத்தொடரில், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கேயும் ஒன்றைப் பலமுறை அளப்பார்கள். ஆனால் வேண்டிய விடை வந்ததும் கருவியை மூடிவிட்டு வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.

இது மலைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. கி.மு. 480-ஐ ஒட்டிப் பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ்காரர்கள் டெல்பியில் குறி கேட்டார்கள். ‘ஓடிப்போங்கள்’ என்று வந்தது. நல்ல வாக்கு கிடைக்கும்வரை நகரமாட்டோம் என்று உட்கார்ந்து, மரச்சுவர் காக்கும் என்ற இரண்டாம் வாக்கை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். ரோமத் தளபதி கிளாடியஸ் புல்கருக்கு அந்த நயம் தெரியாது. கி.மு. 249-இல் கடற்போருக்கு முன் சகுனக் கோழிகள் இரை எடுக்க மறுத்ததும், தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் வீசினார். 90-க்கும் மேற்பட்ட கப்பல்கள் எதிரியிடம் போயின. கோழியைச் சாமிக்குக் கொடுத்திருந்தால் மூன்றாவது தடவை இரை எடுத்திருக்கும்.

தைவான்காரர்கள் கறாரானவர்கள். பிறைவடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டுக் கேட்பார்கள். பெரிய காரியமென்றால் தொடர்ந்து மூன்று தடவை ‘ஆம்’ விழவேண்டும். எட்டில் ஒரு வாய்ப்புதான். கட்டை இரண்டும் தட்டைப்பக்கம் மேலாக விழுந்தால் சாமி சிரிக்கிறது என்று பொருளாம். நம் அரளிப்பூவில் இந்த வசதி இல்லாததால், அம்மன் அன்று என்ன முகத்தோடு இருந்தாள் என்பது பதிவாகவில்லை.

நேர்ந்த சேவலை மட்டும் தவணை சொல்லாமல் அடுத்த வாரமே அறுத்தார்கள். பங்காளி முறைப்படி தம்பி வீட்டுக்கு ஒரு தூக்குக் குழம்பு போயிற்று, தொடைக்கறியோடு. மரம் போகவில்லை.