கட்டை விரல் காட்டும் ரூபாய்

சில்லறை விஷயங்களில் எனக்கு ஞானம் அதிகம். இது தற்பெருமை இல்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் என் மனைவி சொல்லும் புகார். காசு கைக்கு வந்தால் மற்றவர்கள் எண்ணுவார்கள். நான் பூதக்கண்ணாடியைத் தேடுவேன். வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அடித்தது. வைரம் என்றால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையா, கொல்கத்தா. "அரிசியில கல் பொறுக்கக் கூப்பிட்டா மட்டும் கண்ணு தெரியலைங்கறீங்க" என்பாள்.

நம் காசுகளிலேயே கம்பீரமானது எது என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறேன். யாரும் கேட்பதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்: 1988-இல் வந்த நாலணாக் காண்டாமிருகம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவ்வளவு பெரிய உடம்பை எப்படித்தான் நிறுத்தினார்களோ! காசிரங்காவில் காண்டாமிருகம் பிழைத்துக்கொண்டது. காசில் இருந்ததுதான் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனது.

2007 வாக்கில் காசுகள் பரதநாட்டியம் ஆட ஆரம்பித்தன. ஐம்பது காசில் மூடிய கை, இரண்டு ரூபாயில் இரண்டு விரல், ஒரு ரூபாயில் நிமிர்ந்த கட்டை விரல். நாட்டியம் படித்தவர்கள் முஷ்டி, கர்த்தரீமுகம், சிகரம் என்பார்கள். எங்கள் தெருவில் கட்டை விரலை நீட்டி ஆட்டினால் அதற்குப் பெயர் 'பெப்பே'. ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நாம் கேட்கும் முன்பே ரூபாய் பதில் சொல்லிவிடுகிறது. ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும். நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் முஷ்டி பிடிப்பார்.

பத்து ரூபாய்க் காசு வேறு கதை. கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு என்று எவனோ கிளப்பிவிட, தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். விடுவேனா? பதினான்கு விதமாக அடித்திருக்கிறார்கள், எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டதே என்று மளிகைக் கடையில் சொற்பொழிவாற்றினேன். பின்னால் வரிசை நீண்டது. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெங்காயத்தையும் ரிசர்வ் பேங்க்குலயே வாங்கிக்கிடுங்க சார்" என்றார்.

இத்தனை ஞானத்துக்கும் வீட்டில் இருக்கிற மரியாதை போன வாரம் தெரிந்தது. 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய்க் காசு வெளியிட்டார்களே, அவர் உருவமும் தமிழ்க் கையெழுத்துமாக, அதில் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்தது என் சாமர்த்தியம். வாசலில் கீரைக்காரம்மா கூவினார், காசு அரைக்கீரையாகிவிட்டது.

"அதில் அண்ணாவே கையெழுத்துப் போட்டிருந்தாருடீ!" என்று அலறினேன்.

"அவர் போட்டாரு, கீரை வந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா செக்குதான் திரும்பி வருது" என்றபடி ஆயத் தொடங்கினாள்.