அது முதலாளியோட ஆளு, கண்ணு!

வா கண்ணு, உக்காரு. ஒண்டிக்கடையில டீ குடிக்கிறவன் எல்லாம் உன் பெருமையைத்தான் பேசுறான். ரிசார்ட்டுல ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை, கழுத்துல டேக், முன்னால அகலமா ஒரு கம்ப்யூட்டரு. ஏற்காட்டுக் குளிருக்கு எதுக்குடா ஏசின்னு நான் கேக்க மாட்டேன். உங்கப்பன் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்துல மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி ஏறினவன். நீ ஏணியே இல்லாம ஏறிட்ட. சந்தோசம்.

சேர்ந்த அன்னிக்கே ஒரு கத்தைத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்களாமே? கம்ப்யூட்டரு, மெயிலு, இன்டர்நெட்டு இதையெல்லாம் எப்படிப் புழங்கணும்னு விதிமுறையாம். படிச்சியான்னு கேட்டா சிரிக்கிற. படிக்காம ஒப்புக்கொடுக்குறது நம்ம வம்சத்துக்குப் புதுசா? உங்க கொள்ளுத்தாத்தா வட்டிக்காரன்கிட்ட அப்படித்தான் கைநாட்டு வெச்சாரு. அவருக்கு எழுத்துத் தெரியாது. நீ பி.காம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கும் அந்தப் படிப்பெல்லாம் கிடையாது. சேலத்துல சட்டம் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்தா சத்தம் போட்டுப் படிப்பா, நான் திண்ணையில காது குடுத்துக்கிட்டுக் கிடப்பேன். அதுல ஒட்டினதைச் சொல்றேன், பிடிச்சா எடுத்துக்க.

அந்த மெஷினு உன் மேசையில இருக்கு, உன் பேரைப் போட்டாத்தான் தொறக்குது. அதனால உன் ஆளுன்னு நினைச்சுக்கிட்ட. இல்ல கண்ணு, அது முதலாளியோட ஆளு. சம்பளம் கேக்காம, லீவு போடாம, நீ தட்டுறதை எல்லாம் நாளோட நேரத்தோட எழுதி வெச்சுக்கிற ஆளு. இது ஒண்ணு மனசுல நின்னா அந்தக் கத்தைத் தாளுல பாதி உனக்குப் புரிஞ்ச மாதிரி.

போன வாரம் உங்க ரிசப்ஷனை எட்டிப் பார்த்தேன். ஸ்கிரீனுக்குக் கீழ மஞ்சச் சீட்டுல பாஸ்வேர்டை எழுதி, பறந்துடக் கூடாதுன்னு செல்லோடேப்பும் ஒட்டியிருக்க. என்ன மனசு உனக்கு! திருடுறவன் பாவம், இருபது கொண்டை ஊசி வளைவு சுத்தித் தலை கிறுகிறுத்து வந்திருப்பான், அவனை இன்னும் அலைய விடலாமா? ஆனா அவன் உன் பேர்ல நுழைஞ்சு நாலு பில்லைத் திருத்தினா, அங்க பதிவாகுறது உன் பேருதான். அடுத்தவன் பாஸ்வேர்டை மோசடியாப் புழங்கினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவுல மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். அது அவனுக்கு. அவன் மாட்டுற வரைக்கும் "நான் இல்லைங்க"ன்னு ஒவ்வொருத்தர் முன்னாடியும் கையைக் கட்டி நிக்கிற வேலை உனக்கு.

ராத்திரி டூட்டியில புதுப்படம் இறக்குறியாமே, இறக்கு இறக்கு. ரூம் காலி பண்ற கெஸ்ட்டு ஜிபே சுத்துது சுத்துதுன்னு கவுன்ட்டர்ல நிக்கட்டும், பனியை ரசிச்ச மாதிரியும் ஆச்சு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. வெளியில இருந்து பாக்கிறவனுக்கு ரிசார்ட்டு முழுக்க ஒரே விலாசம்தான். கனெக்‌ஷன் முதலாளி பேர்ல இருக்கு, அதனால விசாரணைன்னு வந்தா அவரு கதவைத்தான் தட்டுவாங்க. அவரு ரூட்டரைத் தட்டுவாரு, ரூட்டரு உன் மேசையைக் கைகாட்டும்.

"இன்காக்னிட்டோல தாத்தா பாக்குறேன், ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்லுற. பூனை கண்ணை மூடின கதைதான். அது உன் மெஷின்ல பார்த்த பட்டியலைச் சேத்து வெக்காது, அம்புட்டுத்தான். எந்தத் தளத்துக்குப் போனன்னு ஆபீஸ் நெட்டுக்குத் தெரிஞ்சுதான் கிடக்கும். அந்த ஜன்னலுக்குள்ள போனவங்க விவரத்தையும் சேகரிச்சாங்கன்னு அமெரிக்காவுல கூகுள் மேலயே 2020-ல கேஸு. 2024-ல சமரசமாப் போயி, கோடிக்கணக்கான பதிவை அழிக்கிறேன்னு அவன் ஒத்துக்கிட்டான். கடையைக் கட்டினவனுக்கே அந்தக் கதி.

அடுத்து ஆதாரு. ரூம் எடுக்க வர்றவங்ககிட்ட ஆதார் மாதிரி ஒரு அடையாளச் சான்று கேக்குறீங்க, வெளிநாட்டுக்காரன் வந்தா பாஸ்போர்ட்டைப் பார்த்து 24 மணி நேரத்துக்குள்ள விவரத்தை அரசுக்கு அனுப்புறீங்க. எல்லாம் முறைதான். கோடை விழாவுக்கு வந்த மேட்டூர்க்காரரு, அவரு சம்சாரம், ரெண்டு பேரு ஆதாரும் உன் சொந்த வாட்ஸ்ஆப்புல, கல்யாண போட்டோவுக்கும் மீம்ஸுக்கும் நடுவுல, என்ன பண்ணுது? ஸ்கேனர் ரிப்பேருன்னு போன்ல எடுத்தியாம். எடுத்ததை அழிக்க எந்த மெக்கானிக் வரணும்? வேலை சம்பந்தமாக் கைக்கு வந்த அடுத்தவங்க விவரத்தைக் கெட்ட எண்ணத்தோட வெளிய விட்டா, முன்ன சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்துலயே 72ஏ பிரிவு இருக்கு, அதுலயும் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. 2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டத்துல, பத்திரமா வெக்கத் தவறின நிறுவனத்துக்கு 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம் போடலாம். முதலாளிக்கு அந்தக் கோடியில ஒரு துளி வந்தாலும் முதல்ல ஞாபகம் வர்றது உன் மூஞ்சிதான்.

கெஸ்ட்டு பட்டியலை ஏஐகிட்ட குடுத்து "அழகா ஒரு மெயில் எழுது"ன்னு கேட்டியாமே? 2025 ஜனவரியில மத்திய நிதி அமைச்சகமே, சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரி சங்கதி எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேண்டாம், அரசு ரகசியம் வெளிய போயிடும்னு ஊழியருக்குச் சொல்லுச்சு. டெல்லியில பட்ஜெட் எழுதுறவங்க பயப்படுறாங்க. நீ பயப்படலை. வீரன்டா நீ.

"ஒரே ஒரு அட்டாச்மென்ட்டைத் தொறந்தா என்ன ஆயிடப் போகுது?"ன்னு கேக்காத. காபிக்காரன் வீட்டுல பொறந்துட்டு அதைக் கேக்கலாமா? காபிக் காய்த்துளைப்பான் வண்டு 1990-ல நம்ம நாட்டுக்குள்ள முதல்ல கண்ணுக்குப் பட்டது கூடலூர்ல. காய் நுனியில ஊசி முனை அளவு ஓட்டை போட்டு உள்ள போகும், வெளிய பாத்தா காய் நல்லாத்தான் இருக்கும். உள்ள முட்டையிட்டுக் குடும்பம் பெருகும். ஒரு காயைச் செடியில விட்டாலும், தரையில விட்டாலும் அடுத்த வருசத்துக்கு அது போதும். வைரஸும் அதே சாதிதான். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குள்ளயே 2019-ல புகுந்துச்சு. செப்டம்பர் 4-ம் தேதியே மத்திய சைபர் பாதுகாப்பு அமைப்பு தகவல் சொல்லியிருந்துச்சு. அக்டோபர் 29-ல "அப்படி எதுவும் இல்லை"ன்னு நிலையத்துல இருந்து அறிக்கை. மறுநாளே அணுமின் கழகம் "ஆமா, இருந்துச்சு"ன்னு ஒத்துக்கிட்டுது. எங்க இருந்துச்சு? நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்டோட இணைச்சிருந்த ஒரு ஊழியரோட கம்ப்யூட்டர்ல. உலை ஓடுற வலைப்பின்னல் தனியா இருந்ததால அந்தப் பக்கம் போகலைன்னாங்க. உங்க ரிசார்ட்டுல பில்லு, புக்கிங்கு, கேமரா எல்லாம் ஒரே கம்பியில தொங்குது.

முதலாளி மட்டும் ஒழுங்கான்னு கேக்குறியா? நல்ல கேள்வி, அதுக்கும் கதை இருக்கு. ருமேனியாவுல புகாரெஸ்ட் பட்டணம். பர்புலெஸ்குன்னு ஒரு என்ஜினீயரு. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லன்னு கம்பெனி சொல்லி யாகூ மெசஞ்சர் தொறந்தாரு. 2007-ல கூப்பிட்டு, "சொந்தப் பேச்சு பேசுனியா?"ன்னு கேட்டாங்க. "சத்தியமா ஆபீஸ் வேலை மட்டும்தான்"னு எழுதிக் குடுத்தாரு. கம்பெனி 45 பக்கத்தை எடுத்து முன்னால வெச்சுது. அண்ணன் தம்பிப் பேச்சு, கட்டிக்கப் போற பொண்ணோட அந்தரங்கப் பேச்சு, எல்லாம் வரிக்கு வரி. வேலை போச்சு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துல 2016-ல தோத்தாரு, 2017 செப்டம்பர் 5-ல பெரிய அமர்வுல ஜெயிச்சாரு. வேவு பாக்குறதை, எவ்வளவு ஆழம் பாக்குறோம்ங்கிறதை முன்கூட்டிச் சொன்னாங்களான்னு உள்ளூர்க் கோர்ட்டுங்க சரியா விசாரிக்கலைன்னு தீர்ப்பு. பத்து வருசத்துக்குக் கைக்கு வந்தது கேஸு செலவு 1,365 யூரோ. நஷ்ட ஈடு கிடையாது, தீர்ப்பே போதும்னுட்டாங்க.

நம்ம உச்ச நீதிமன்றமும் அதே வருசம் ஆகஸ்ட் 24-ல, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லுச்சு. உடனே கால் மேல கால் போட்டுக்காத. 2023 சட்டம், வேலை சம்பந்தமாவும் நிறுவனத்தை நஷ்டத்துல இருந்து காக்கவும் ஊழியர் விவரத்தைச் சம்மதம் கேக்காமயே கையாளலாம்னு முதலாளிக்கு வழி விட்டிருக்கு. சட்டம் படிப்படியாத்தான் அமலுக்கு வருது. அது முழுசா வர்ற வரைக்கும் முதலாளி கண்ணை மூடிக்கிட்டு இருக்க மாட்டாரு.

அதுக்காகச் சாமியாராகச் சொல்லலை. சாப்பாட்டு நேரத்துல சேலம் பஸ்ஸு டயம் பாரு, கரன்ட் பில்லு கட்டு. அந்தத் தாள்ல அதுக்கு இடம் இருக்கும், இல்லைன்னா கேட்டு வாங்கு. காதலு, கடனு, வேற வேலைக்கு விண்ணப்பம், மேனேஜரைத் திட்டுறது, இது நாலும் உன் போன்ல, உன் டேட்டாவுல. ரிசார்ட்டு வைஃபையில கூட வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. எங்க மெயில்ல எதைப் பாப்பீங்க, யாரு பாப்பாங்க, எத்தனை நாள் வெச்சிருப்பீங்கன்னு முதலாளியைப் பணிவாக் கேளு. வாயால கேக்காத. ஆபீஸ் மெயில்ல கேளு, பதிலையும் அதுலயே வாங்கு. அந்த மெஷினு எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும்னு சொன்னேன் இல்ல? உனக்கு வேண்டியதையும் ஒரு வரி எழுதி வெக்கட்டுமே.